மாமன் கொடுத்த ரத்தப் பை

அன்புத் தோழி,

என் பெரிய மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தேன். அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய், வெள்ளைக் கோட்டும் ரப்பர் செருப்புமாக. நீ இறந்துபோனபோது நான் இரண்டாவது பிரசவத்தில் படுத்திருந்தேன். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்று சொல்ல முடியாததை இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

காந்திகிராமத்தில் ஒன்றாகப் படித்தோம். நீ திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில், ரத்தம் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாய். நான் கல்யாணம், குழந்தை, கவலை என்று ஆனேன். பெரியவள் மூன்று வயதில் மாடிப்படியில் உருண்டு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தபோது, அந்த மருத்துவமனையில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் நீ. சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்கு ஓ நெகட்டிவ். இருப்பில் இல்லை.

என் அண்ணனுக்கு அதே வகை. சட்டைக்கையை மடித்துக்கொண்டே வந்து கொடுத்தான். பையை நேராகக் கொண்டுபோய் ஏற்றச் சொன்னார் என் மாமியார்.

"தாய்மாமன் ரத்தம். அதுல என்னத்தச் சோதிக்கப் போறே?"

முதல் மொட்டை மாமன் மடியில், காதுகுத்தும் மாமன் மடியில். ரத்தமும் அவன் உரிமை என்பது எங்கள் வீட்டு நியாயம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

நீ பையைத் தரவில்லை. "மாமன் சீர்த்தட்டு கொண்டு வரட்டும் அத்தை, வாங்கி வச்சுக்குவோம். டெஸ்ட் முடியாம ரத்தம் உள்ள போகாது."

"அதுக்குள்ள பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வத்தலக்குண்டுக்குப் போன் போட்டிருக்கேன். பூ வியாபாரி ஒருத்தர், இதே குரூப்பு. கார்ல வாராரு. நீ கைய விட்டாத்தானடி நான் வேல பாக்க முடியும்."

அண்ணனின் சாம்பிளைப் பார்த்துவிட்டு வந்தாய். "இந்தப் பை வேணாம்." ஏன் என்றதற்கு, "அது அவருக்கும் டாக்டருக்கும் உள்ள பேச்சு" என்று முடித்துவிட்டாய். திமிர் பிடித்தவள் என்றார் மாமியார். பூ வியாபாரி மல்லிகை மணத்தோடு வந்து படுத்தார். மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை, எச்.ஐ.வி. இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, நீயே பையோடு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாய். என் மகள் பிழைத்தாள்.

சில மாதம் கழித்து அண்ணன் தானாகவே சொன்னான். அவன் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி. ஒரு அறிகுறியும் கிடையாது. கல்லு மாதிரி இருந்தான். "உன் சிநேகிதி கண்டுபிடிக்காட்டி என் ஈரல் போயிருக்கும்த்தா." இன்றும் மாத்திரையும் பரிசோதனையுமாகத் தோட்டத்தில் தக்காளிக் கூடை தூக்குகிறான்.

காதுகுத்துக்கு மகளை அவன் மடியில் உட்கார வைக்கலாமா என்று பயந்து உனக்குத்தான் போன் போட்டேன். "மடியில உக்காந்தா ஒட்டாதுடி. ஊசிய மட்டும் புதுசா வாங்கு. வீட்டுல எல்லாரும் தடுப்பூசி போடுங்க." காதுகுத்து அன்று பந்தியில் மாமியார் உன்னைப் பக்கத்தில் இருத்தி, கூட்டு, பொரியல் என்று வெஞ்சனத்தை அள்ளி வைத்தார்.

"இம்புட்டு ஒல்லியா இருந்துக்கிட்டு என்னையவே எதுத்து நின்னியே."

"இன்னும் வைங்க அத்தை. அடுத்த சண்டைக்குத் தெம்பு வேணும்ல."

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவத்தில் அவள் தம்பி ரத்தம் கொடுத்தான். அவசரம் என்று எல்லோரும் துடித்தார்கள். நான் பிரசவ அறை வாசலை மறித்து நின்று, "டெஸ்ட் எல்லாம் முடிஞ்சதா?" என்றேன். பையோடு வந்த நர்ஸ் முறைத்தாள், பிறகு பையைத் திருப்பி, ஒட்டியிருந்த பரிசோதனைச் சீட்டைக் காட்டினாள். வரி விடாமல் படித்தேன். அப்புறம்தான் வழிவிட்டேன்.