கூட்டி மறைத்த ஆமைத் தடம்

கோணேசர் துணை

இறக்கக்கண்டி,
நிலாவெளி.
26.05.2003

அன்பு மகன் சோமசேகரத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நான் சுகம், கோபம் ஒன்றைத் தவிர உடம்பில் வேறு வருத்தம் கிடையாது. நீயும் புஷ்பவதியும் பேத்தியும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். புஷ்பவதிக்கு இடுப்பு நோ இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். பிள்ளை பெற்ற உடம்பு, பனிக்குள் வேலைக்கு ஓடினால் நோகாமல் என்ன செய்யும், நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்க்கச் சொல், நீயே தேய்த்துவிட்டாலும் உன் கை தேய்ந்துபோகாது. இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அந்த வேலையை உடனே விடுங்கோ, கனடா விசாவுக்கு ஆனி மாதம் கொழும்பில் மெடிக்கலுக்கு நாள் எடுத்திருக்கிறேன், சின்னராசா மாமா கூட்டிக்கொண்டு போவார், மறுபேச்சு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். மறுபேச்சு வேண்டாம் என்று என்னிடம் சொல்லிப் பார்த்த ஆட்கள் முன்னரும் இருந்தார்கள், உன் அப்பாவைக் கேட்டால் தெரியும், அவரைத்தான் இனிக் கேட்க ஏலாது. நான் வரமாட்டேன். ரெலிபோனில் சொன்னால் நீ இடையில் விழுந்து கதைப்பாய், பிறகு லைன் வெட்டிவிட்டது என்பாய், அதனால் எழுதுகிறேன், கடிதத்தை முழுதும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

அம்மாவை நேவி பிடித்தது, அம்மா விளக்குமாறும் கையுமாய்க் கடற்கரை கூட்டித் திரிகிறா, ஊர் சிரிக்கிறது என்று மாமா எழுதினாராம், அதை நம்பி நீ வெட்கப்பட்டு எழுதியிருக்கிறாய். ஊர் சிரித்தது மெய். கூட்டுவதும் மெய். நேவி பிடித்தது என்னை அல்ல. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் தம்பியிடம் என்னைப் பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டினத்தில் ஒரு ரீச்சர் தொடங்கிய கடலாமைக் காவல் சங்கம் இது. ஆமையைப் பிடிப்பதும் முட்டை தோண்டுவதும் சட்டப்படி குற்றம், ஆனால் சட்டத்தைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்த ஆள் வேண்டும் அல்லவா. ஆம்பிளைகள் விடியற்காலையில் கரையில் நடந்தால் நேவிக்காரர் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், பெண்டுகள் என்றால் அவ்வளவு இல்லை என்று நினைத்து எங்கள் நாலு பேரைச் சேர்த்தார்கள். சேலைக்கு மேலே போட ஒரு காக்கிச் சட்டையும் தந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மிச்சம் கடையில் சாமான் சுற்றி வந்த பேப்பரில் படித்தவள் என்று நான் முதலிலேயே சொன்னேன், ரீச்சர் அம்மா அது போதும் என்றா.

ஆமை இருட்டில் கரையேறி, அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் குழி தோண்டி முட்டை இட்டு, மண்ணை மூடிவிட்டுத் திரும்பப் போய்விடும். போனது வந்தது இரண்டும் மணலில் உழவு மெசின் ஏறி இறங்கியது போல அச்சாகக் கிடக்கும். இருட்டியபின் கரையில் யாரும் நிற்கக் கூடாது என்பது நேவியின் கட்டளை, அதனால் முட்டைக்காரரும் கிழக்கு வெளிக்கிற நேரம்தான் வருவார்கள், அந்த அச்சைப் பிடித்துக்கொண்டே போய்க் கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்டுவார்கள். நாங்கள் அவர்களுக்கு முந்திப் போய், முற்றம் கூட்டுகிற அதே ஈர்க்கு விளக்குமாற்றால் அச்சைக் கூட்டி அழித்துவிடுவோம். குழிக்கு அடையாளமாய்த் தடி ஊன்றுவதில்லை, ஊன்றினால் கள்ளனுக்கு நாங்களே வழி காட்டுவதாகும், இன்ன பனைக்கு நேரே இன்ன தோணி என்று கண்ணால் பிடித்து மனதில் வைப்பதுதான். முதல் நாள் நாங்கள் காக்கிச் சட்டையோடு போனபோது மீன் வாடியில் இருந்த பெண்டுகள், என்னடி, கடலுக்குக் கலியாணமோ, இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போறியள், கோலமும் போடுங்கோவன் என்று சிரித்தார்கள். உன் மாமா அதற்கும் மேலே போய், ஆமைக்குப் பேறு பார்க்கிற மருத்துவிச்சி வாறா, வழி விடுங்கோ என்றான். நான் அவனிடம், நீ பிறந்தபோதும் வெந்நீர் வைத்தது நான்தான், அந்தப் பழக்கம்தான் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

எங்கள் ஒருத்திக்கும் ஒரு விஷயம் மூளையில் ஏறவில்லை. நேவிக்காரரும் காலையில் அந்த மணலைத்தான் பார்க்கிறார்கள். கடல் வழியாக யாரும் வந்து இறங்கினார்களா, தோணி இழுத்த அச்சு கிடக்கிறதா, காலடி கிடக்கிறதா என்று சூரியன் ஏறியதும் கரை வழியே பார்த்துக்கொண்டு போவார்கள். சமாதானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் காவல் சென்றியில் ஒரு துவக்கும் குறையவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் ஓரத்திலிருந்து மேடு வரை மணலைச் சுத்தமாகக் கூட்டி வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நாங்கள் முட்டையை மறைத்தோம், அவர்களுக்கு நாங்கள் ஆளை மறைத்ததாகத் தெரிந்தது. சித்திரை நடுவில் ஒரு நாள் லைலா தன் பக்கத்துக் கரையைக் கூட்டிவிட்டு விளக்குமாற்றோடு நிமிர்ந்தபோது பிடித்துவிட்டார்கள். லைலாவை உனக்கு நினைவிருக்காது, நீ போகும்போது தவழ்ந்த பிள்ளை, எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பரீதாவின் இளைய மகள். எங்கள் நாலு பேரில் கண் கூர்மையானவள் அவள்தான், வாயும் அப்படித்தான், அன்றைக்கு அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லையாம். நான் ஓடிப்போனபோது அவளைச் சென்றிக்குள் இருத்தியிருந்தார்கள். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு நேவிப் பெடியன் என்னிடம், அம்மா, ஏன் கூட்டுறது, யார் வந்தது, போட் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆமை வந்தது என்றேன். அவன் போய்த் தன் நேவிப் பெரியவரிடம் சொன்னான், பெரியவர் சிரிக்கவில்லை. ஆமை என்றால் முட்டை எங்கே, காட்டு, காட்டாவிட்டால் பிள்ளையை விசாரணைக்குப் பட்டினத்துக்கு அனுப்புவேன் என்று சொல்லச் சொன்னார். ஒருவன் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான்.

விசாரணைக்கு என்று கொண்டுபோன பிள்ளைகளில் திரும்பி வராதவர்களை நீயும் அறிவாய், நீ ஓடியதும் அதற்குத்தானே. பரீதா முக்காடு நழுவியதும் தெரியாமல் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அல்லாஹ்வுக்காக அக்கா, தோண்டிக் காட்டுங்க, ஆமை இன்னொருக்கா முட்டை உடும், எண்ட புள்ளைக்கு நான் எங்க போவன் என்று அழுதாள். நான் பிடிவாதக்காரி என்று நீயும் மாமாவும் சொல்லுவீர்கள், ஆனால் அந்த இடத்தில் எனக்கு இரண்டு எண்ணம் இருக்கவில்லை. பிள்ளைதான் முதலில். முட்டை போனால் போகட்டும் என்று மனதில் முடித்துவிட்டேன். ஆனாலும் மண்வெட்டி வைத்தால் முட்டை உடையும், உடைந்தால் ஒன்றும் மிஞ்சாது, கையால் தோண்டலாம் என்றால் ஏன் மண்வெட்டி? நான் அந்த மணலில் இருந்துகொண்டு, கையால்தான் தோண்டுவேன், மண்வெட்டி வைப்பதென்றால் என் முதுகில் வையுங்கோ என்றேன். அதற்குப் பிறகுதான் அடுத்த இடி. குழி எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டை அவ்வளவு அழகாகக் கூட்டியிருக்கிறாள், எந்த இடமும் ஒரே மாதிரிக் கிடந்தது. பெடியனிடம், அவளைக் கொண்டு வாருங்கோ, இடம் அவளுடைய கண்ணுக்குள்தான் இருக்கிறது என்று சொன்னேன். பெரியவர் அவளைக் கொண்டுவரச் சொன்னார்.

லைலா வந்து நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒற்றைப் பனையைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த உடைந்த வள்ளத்தைப் பார்த்தாள், இரண்டடி தள்ளி நின்று திரும்பவும் பார்த்துவிட்டு, மாமி, இதுலதான் என்றாள். நான் குப்புறப் படுத்துத் தோண்டினேன். மேலே காய்ந்த மணல், கீழே ஈரம், தோள் வரை கை போனபிறகு மெத்தென்று தோல் போல ஒன்று விரலில் பட்டது. எடுக்கவில்லை, சுற்றி மண்ணை விலக்கி வெள்ளை தெரிய விட்டேன். பெரியவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் நின்று எட்டிப் பார்த்தார், ஒரு விரலால் தொட்டும் பார்த்தார், சிங்களத்தில் மெல்ல ஏதோ சொன்னார். பெடியன், மூடச் சொல்லுறார், கவனமா மூடச் சொல்லுறார் என்றான். லைலாவின் அடையாள அட்டையைப் பதிந்துகொண்டு விட்டுவிட்டார்கள். ஆனால் இனி நேவி வந்து பார்த்துவிட்டுப் போகும் வரை கரையில் ஓர் அச்சையும் அழிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அது நியாயம்தான், அவர்களுடைய பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தால் நாங்கள் பட்டதை நான் மறக்கவில்லை, ஆனாலும் அன்றைக்கு அந்த மனுசன் செய்தது சரி என்று எழுதாவிட்டால் என் கை கூசும்.

இதை எல்லாம் நின்று பார்த்தவர்களில் உன் மாமாவும் ஒருவன். பிள்ளையை மீட்க நான் திறந்து காட்டிய குழியை ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது, இனி அதற்குப் பனையும் வேண்டாம் வள்ளமும் வேண்டாம். அடுத்த நாள் விடிய நான் போகும்போது அவன் கம்பியோடு அங்கே நிற்கிறான். நான் குழிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு இருந்தேன். அவனும் எதிரே குந்தினான். அக்கா, எத்தனை நாளைக்கு இப்படி இருக்கப் போறாய் என்றான். நீ எத்தனை நாளைக்கு வருவியோ அத்தனை நாளைக்கு என்றேன். விசர்க் கதை கதைக்காதை, நீயும் நானும் இந்த முட்டை அவிச்சுத் தின்று வளர்ந்தனாங்கள் என்றான். ஓம், தின்றனாங்கள், பசிக்குத் தின்றது வேறு, நீ உப்புவெளிப் பக்கம் கூடை கூடையாய்க் கொண்டுபோய் விற்கிறது வேறு என்றேன். அதற்கு அவன் சொன்ன ஒரு சொல்தான் எனக்குள்ளே இன்னும் கிடக்கிறது. தாய் இட்டிட்டுத் திரும்பியும் பாராமல் போட்டுது, ஆளில்லாத குழியில எடுக்கிறதில என்ன களவு என்றான்.

சண்டை திரும்பத் தொடங்கிய தொண்ணூறில் நீ இங்கே இல்லை. நாங்கள் உடுத்த உடுப்போடு காட்டுக்குள் ஓடி, பிறகு பாலையூற்றில் யாரோ ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு இருந்து, திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, கிணற்றுக் கப்பி கூட இல்லை. யார் எடுத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வெட்கப்படவில்லை. ஆளில்லாத வீடுதானே என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு உன் மாமாவும் என்னோடு நின்று மண் அள்ளித் தூற்றியவன். இன்றைக்கு அதே சொல் அவன் வாயில் வருகிறது, அவனுக்கு அது கேட்கவும் இல்லை. நான் இதைப் பல நாளாக யோசித்துப் பார்க்கிறேன். தாய் விட்டுப் போனது வேண்டாம் என்று அல்ல, அதற்குத் தரையில் இருக்க ஏலாது. நாங்களும் வேண்டாம் என்று வீட்டை விட்டுப் போகவில்லை. போனவர்கள் திரும்பும் வரை பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் எங்கள் கதவு மிஞ்சியிருக்கும். அப்போது ஒருவரும் இருக்கவில்லை, இப்போது நான் இருக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு, இதை எந்த ரீச்சரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்பா இருந்தால் விளக்குமாற்றோடு போக விடுவாரா என்று எழுதியிருக்கிறாய். அப்பாவை இதற்குள் இழுக்காதே, வலையில் ஆமை பட்டால் வலையை வெட்டிவிட்டு வந்து என்னிடம் பேச்சு வாங்கின மனுசன் அவர். பரீதா முதலில் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று நின்றாள், நான் குறை சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்து அவளே மத்தியானம் பாதி இழைத்த பன்புல் பாயும் கையுமாய் வந்து, நீங்க போய்ச் சோறு தின்னுங்க அக்கா, நான் இதுல இருந்து இழைக்கிறன் என்றாள். இப்போது காலை எனக்கு, மத்தியானம் அவளுக்கு, பொழுதுபடும் மட்டும் லைலாவுக்கு. இருட்டினால் நேவி பார்த்துக்கொள்ளும், அந்த வகையில் அவர்களும் எங்கள் காவல்தான். மற்ற இரண்டு பெண்டுகளும் தங்கள் பக்கத்துக் கரையில் நேவி வரும் வரை அச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள், அவர்களை இங்கே இழுக்க ஏலாது. ஆகவே நான் எழும்பினால் காலையில் அந்த இடத்தில் ஒருவரும் இல்லை, அது உன் மாமாவுக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தான், முடியவில்லை. ஊரைக் கொண்டு சிரிக்க வைத்தான், முடியவில்லை. பிறகுதான் கனடாவுக்கு எழுதினான். ஆமைக் குஞ்சு வெளியே வருவதே ஆனியில்தான், அதற்குள் வேலையை உடனே விடுங்கோ என்று நீ எழுதியதைப் பார், கொழும்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தானே வருகிறேன் என்று அவன் சொன்னதையும் பார், தோண்ட அவனுக்கு வேறு ஆட்கள் உண்டு. அவன் கம்பி செய்யாததை உன் கடிதம் செய்யும் என்று நினைத்திருக்கிறான். நீ அன்பில் எழுதினாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் கூடுதலாய் வருகிறது.

மெடிக்கல் நாளை ஆவணிக்குத் தள்ளிப் போடச் சொல், ஆவணியில் வருவேன் என்று இப்போது வாக்குத் தரமாட்டேன். குளிருக்குள் குழந்தையின் காதை மூடாமல் வெளியே கொண்டு போகாதே, அவளோடு வீட்டில் தமிழில் கதை. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபமாய் இருக்கும்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, எனக்குப் பதில் எழுத முதல் உன் மாமாவுக்கு எழுது. நீட்டி எழுத வேண்டாம். அம்மா எழும்ப மாட்டாவாம் என்று ஒரு வரி போதும், கீழே உன் கையெழுத்தை வை.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
சி. தங்கரத்தினம்