உங்கள் பெயரைச் சொல்லி இங்கேயே இருந்தோம்

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலை டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போதே தலை வெடித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் மாத்திரை தேடிய கைக்கு உங்கள் நீலகிரித் தைலப் பாட்டில் அகப்பட்டது. அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனையோடு நீங்கள் வந்து கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டீர்கள். இத்தனை வருடம் நர்சாக வேலை பார்க்கிறவள், தைலம் தடவினால் தலைவலி போகும் என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் நெற்றியில் தடவிக்கொண்டு உங்கள் கட்டிலில் படுத்தேன்.

உங்களுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு எதற்கு இந்தத் தைலம் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு பிரான்சில் குடியேறிய நம் ஊர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். நம் தெருவில் பாதி வீடு வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து அந்த இரண்டு மாதம் மட்டும் விளக்கு எரிகிற வீடுகள். பெட்டியைப் பிரித்த மறுநாளே ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவார்கள். சாக்லேட், சென்ட் பாட்டில், கூடவே அந்தக் கேள்வி. "நீங்க எப்ப வர்றீங்க?" பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாமாவின் வீடு, ஊர் வாயில் சொல்தா வீடு. உங்கள் மகனுக்கும் எங்கள் மகள் செலினுக்கும் பிறக்கும்போதே அந்த நாட்டுக் குடியுரிமை. அப்படிப்பட்ட வீட்டில் இன்னும் மூட்டை கட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு அரிக்கத்தானே செய்யும்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. ஒருமுறை உங்கள் மகள், என் அண்ணி, பிரான்சிலிருந்து போன் செய்து, "இவரு கம்பெனியிலயே ஆள் எடுக்குறாங்க. தம்பிய அனுப்பி வை, நீங்க ரெண்டு பேரும் பின்னாலயே வந்துரலாம்" என்றபோது, என் வாயில் வந்தது உங்கள் பெயர்தான். "அத்தைய விட்டுட்டு எப்படி அண்ணி வர்றது? அவங்களால முன்ன மாதிரி நடக்க முடியல." போனை வைத்துவிட்டுத் திரும்பினால், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். அன்று காலைதான் அரசலாற்றுப் பாலம் வரை நடந்துபோய் மீன் வாங்கி வந்திருந்தீர்கள்.

"ஏன் புள்ள, நான் எப்பலேர்ந்து நடக்க முடியாதவளா ஆனேன்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள் கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "சரி வச்சுக்க. எம் பேரு சும்மாத்தான கெடக்கு" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் போகப் பிடிக்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை.

பெயரைக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். நீங்கள் நடிக்கவே ஆரம்பித்துவிட்டீர்கள். அந்த வருடம் கோட்டுச்சேரிப் பக்கத்திலிருந்து போய்ப் பிரான்சில் குடியேறிய உங்கள் ஒன்றுவிட்ட தங்கை குடும்பம் காரில் வந்து இறங்கியது நினைவிருக்கிறதா? நீங்கள் கொல்லையில் மண்டபத்தூர் மீன்காரம்மாவோடு மல்லுக்கட்டி வாங்கிய மடவை மீனை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். கார் சத்தம் கேட்டதும் கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்து, தலையில் துண்டைக் கட்டி, நெற்றியில் தைலத்தை அப்பி, கட்டிலில் சுருண்டு இருமத் தொடங்கினீர்கள். ஓடிவந்த வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

"என்னக்கா, ஒடம்பு முடியலியா?"

"என்னத்தச் சொல்ல. இந்தப் புள்ள இல்லன்னா நான் என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்."

அவர்கள் வழக்கப்படி உங்கள் தங்கை குனிந்து உங்கள் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாரே, அப்போது எனக்கு உயிரே போய்விட்டது. தைலத்தையும் மீறிக்கொண்டு மடவை வாடை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தேன். அவர்கள் போன பிறகு எழுந்து உட்கார்ந்து, "இருமல் கொஞ்சம் சாஸ்தியாப் போச்சோ?" என்று கேட்டீர்கள். அன்று நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மீனைப் பூனை கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் பாட்டில் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கும்.

உங்கள் மகனும் அதே சாக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து, காது மடலில்கூட நிலக்கரித் தூசியோடு வந்து உட்காரும்போது யாராவது கூட்டாளி போன் செய்து கூப்பிட்டால், "அம்மா இருக்காங்கள்ல, பாக்கலாம்" என்பார். அவருக்கும் போக மனமில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் மட்டும் பிரான்சில் வாழ்ந்தவர். மாமாவோடு ஊர் ஊராகப் போனதை, "நாலு ஊர்ல நாலு அடுப்பு வச்சேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். அந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் ஒருநாள் துருவினேன், குளிர் தாங்கவில்லையா என்று. "குளிரு என்ன செய்யும்? ரெண்டு கம்பளி போட்டாப் போச்சு. வாய மூடிக்கிட்டு இருக்குறதுதான் எனக்கு ஆவல" என்றீர்கள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. அண்ணியின் இளைய மகள் கல்யாணத்துக்கு அங்கே போயிருந்தபோது ரொட்டிக் கடையில் நின்றேனே, எனக்காக அண்ணியின் பேத்தி பேசினாள். ஐந்து வயசு இருக்கும். கடைக்காரம்மா சிரித்த முகத்தோடு அந்தக் குழந்தையிடம் என்னைப் பற்றி ஏதோ கேட்டாள். இங்கே ஒரு வார்டு முழுக்க "சிஸ்டர், சிஸ்டர்" என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே என் படிப்பு செல்லாது. முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலைதான் கிடைக்கும் என்று அண்ணியே சொன்னார். படுக்கை மாற்றுவது எனக்குக் கேவலமில்லை, வாழ்நாளெல்லாம் செய்கிற வேலைதான். படுத்திருக்கும் மனுஷி வலிக்கிறது என்று சொன்னால் எனக்குப் புரிய வேண்டுமே.

இதையெல்லாம் அப்போதே உங்கள் மகனிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் இருந்தீர்கள், அதனால் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. கையெட்டும் தூரத்தில் சாக்கு இருக்கும்போது யார் காரணத்தைத் தேடிப் போவார்கள்?

நடிப்பு எதுவும் இல்லாமல், காப்பி ஆறுவதற்குள், ஒரு காலையில் போய்விட்டீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன். அதைப் பற்றி இப்போது எழுதத் தெம்பில்லை.

முதல் வருடப் பூசைக்கு அண்ணி வந்திருந்தார். கோவிலிலிருந்து கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தார். "அம்மாவும் போயிட்டாங்க. இனி என்ன? வீட்டப் பூட்டிட்டு மூணு பேரும் கெளம்புங்க."

பழக்கதோஷம், அத்தை. "அத்தை" என்று என் வாய் திறந்தேவிட்டது. திறந்த வாயோடு நின்றேன். கூடத்தில் உங்கள் கட்டில் இருந்தது, மேலே விரிப்பு மடித்துக் கிடந்தது. செலின் படிப்பைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வீட்டைச் சொல்லலாமா, கல்லறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சொல்லலாமா? எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கும். அலுப்பாக இருந்தது. இன்னொரு சாக்கைத் தூக்கிக்கொண்டு இன்னும் பத்து வருடம் நடக்க என்னால் ஆகாது என்று தோன்றியது.

"நான் வரல அண்ணி," என்றேன்.

"ஏன், என்னா?"

"எனக்குப் புடிக்கல. வேற ஒன்னும் இல்ல. எப்பவுமே புடிக்கல."

உங்கள் மகன்தான் தரையைப் பார்த்தபடியே கேட்டார். "எப்பவுமேவா?"

"ஆமாங்க."

"எனக்கு எப்பவுமே போவணும்னுதான் இருந்துச்சு," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். "கேட்டா, அம்மாவ எப்படி விட்டுட்டு வர்றதுன்னு சொல்லுவ. நீ சொல்றதும் ஞாயந்தான். அதான் நான் கேக்கவே இல்ல" என்றார். துறைமுகத் தூசியும், காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் வேலை இருக்குமா போகுமா என்கிற பதைப்பும் எத்தனை வருடமாக அவரைத் தின்றுகொண்டிருந்தன என்பதை அன்றுதான் முழுசாகச் சொன்னார். ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக உங்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் போகாமலிருக்க உங்களைச் சொன்னேன். அவர் போகவேண்டும் என்று கேட்காமலிருக்க உங்களைச் சொன்னார்.

அதற்குப் பிறகு சில நாள் உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதற்கு அவ்வளவு தாராளமாகப் பெயரை இரவல் கொடுத்தீர்கள்? அன்றைக்கே முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "பொய் சொல்லாத, ஒம் புருஷன்கிட்ட நேராப் பேசு" என்று அதட்டியிருந்தால், வயசாவது எங்கள் பக்கம் இருந்திருக்கும். ஒருவேளை அவர் சொல்வதைக் கேட்டு நான் போயிருப்பேன். ஒருவேளை நான் சொல்வதைக் கேட்டு அவர் ஆசையை விட்டிருப்பார். இந்த வயதில் இரண்டு பேருக்கும் விட்டுக்கொடுக்கத் தெம்பில்லை. சண்டை போடவும் தெம்பில்லை.

அக்டோபரில் அவர் பிரான்சுக்குக் கிளம்பினார். சென்னைக்குக் கார் ஏறுமுன் உங்கள் கட்டில் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஊர் ஒன்றும் பிரமாதமாகப் பேசவில்லை. இந்த ஊரில் பாதிப் பெண்களுக்குப் புருஷன் வெளிநாட்டில்தான். "சிஸ்டர், நீங்க எப்ப போறீங்க?" என்று வார்டில் கேட்டால், "நான் போகல" என்கிறேன். மேற்கொண்டு விளக்கம் வரும் என்று ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். நான் ஊசி மருந்தை எடுக்கத் திரும்பிவிடுவேன். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடியோ காலில் வருகிறார். முகத்தில் தூசி இல்லை, இளைத்திருக்கிறார். என்ன சாப்பிட்டீங்க என்று நான் கேட்பேன், மழை பெய்ததா என்று அவர் கேட்பார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டதில்லை.

செலினுக்கு டிகிரி முடியப்போகிறது. வா என்று அவள் அப்பா கூப்பிடவில்லை. அண்ணிதான் கூப்பிடுகிறார். போன சனிக்கிழமை அவள் கூடத்தில் அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி வர்றது அத்த? இங்க அம்மா தனியா இருக்காங்களே."

கை அப்படியே நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு இனித்தது. இவளை விட்டுப் போகமுடியாது என்று ஒருத்தி நம்மைச் சொல்வதைக் காதால் கேட்பது அத்தனை சுகமாக இருக்கிறது. சாக்கு என்று தெரிந்தாலும் சுகமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அரிசி முறத்தோடு நின்று, ஒரு கேள்வியும் கேட்காமல், "வச்சுக்க" என்றது தாராள மனசால் மட்டும் இல்லை. அன்றைக்கு நான் என் வெட்கத்தில் உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"அம்மாவச் சொல்லாத செலின். நீ போறியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

அவள் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியலம்மா."

"அப்ப தெரியலன்னு சொல்லு."

போனை மறுபடி காதில் வைத்து, "எனக்கே தெரியல அத்த. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது, பெரிய மனுஷியின் குரல். நான் அடுப்படிக்குத் திரும்பி, கரைத்த புளியையே மறுபடி கரைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களைப் போல என்னால் முடியாது, அத்தை. என் பெயரை அவளுக்குக் கொடுக்கமாட்டேன். கேட்டாலும் கொடுக்கமாட்டேன். அவள் போய்விடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.