பிள்ளைப் பாலில் போட்ட டீ

அன்பு மகன் இப்ராஹிமுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் காரைக்காலில் எல்லோரும் சுகம், துபாயில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் என் நாத்தனார், உன் மாமி ஆஸியா பீவி என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால்தான் நாளைக்குப் பிளேன் ஏறும் ஜவஹர் அலியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

முதலில் உன் மகன் சேதி. ரைஹான் கன்னத்துத் தடிப்பு மறைந்துவிட்டது, வெளிக்குப் போவதில் ரத்தமும் இல்லை, எடையும் ஏறியிருக்கிறது. எல்லாம் நீ அனுப்பிய அலர்ஜிப் பால் பவுடர்தான். பசும்பாலில் இருக்கிற புரதத்தைப் பொடிப்பொடியாக வெட்டி வைத்திருக்கிறார்களாம், பிள்ளை உடம்பு அதை அடையாளம் கண்டு சண்டைக்குப் போகாதாம், டாக்டரம்மா சொன்னார். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கே ஒரு தடவையில் விளங்கிவிட்டது. ஊறப்போட்டு மறந்த உளுந்து மாதிரி வாடை, கசப்பு வேறு, ஆனாலும் என் பேரன் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னும் கொடு என்று பார்க்கிறான், அந்தப் பொறுமை எங்கள் பக்கத்து ரத்தம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சி சஜிதாவைப் பார்க்க நாகூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். துபாய்ப் பால் டப்பா வந்தால் விருந்தாளி டீக்குத்தான் என்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா, உன் மாமி இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, நீ அனுப்பியதில் மிச்சமிருந்த கடைசி டப்பாவைப் பெருமையாக எடுத்து அத்தனை பேருக்கும் கெட்டியாக டீ போட்டுவிட்டாள். கூடத்தில் இருந்த எனக்கு வாடை வந்தது, உன் பெண்சாதி அர்ஷியா பிள்ளைக்குப் பால் கலக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் உம்மா ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்து, இது என்ன பாலுங்க என்று கேட்டார். துபாய்ப் பாலுங்க, இங்கல்லாம் கிடைக்காது என்றாள் மாமி. அதானே பாத்தேன், ருசியே தனியா இருக்கு என்று சொல்லி முழுசையும் குடித்தார். அவர் வீட்டுக்காரர் மாமியின் உபசாரம் தாங்காமல் இரண்டாவது கிளாஸும் வாங்கிக் குடித்தார், மரியாதை தெரிந்த மனுஷர், வேர்த்துவிட்டது பாவம். அந்த நேரம் பார்த்து உன் அர்ஷியா, அடி தெரியும் டப்பாவோடு வந்து, பிள்ளை பால யாரு எடுத்தா, இத விட்டா அவனுக்கு வேற எதுவும் ஒத்துக்காதே என்று அழுதேவிட்டாள்.

அந்தப் பவுடர் நம் ஊர்க் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் வரும், இருந்த பவுடர் மறுநாளைத் தாண்டாது. பிள்ளை பட்டினி கிடக்குமே, சம்பந்தமும் போயிற்றே என்று நான் பதறி எழுந்தேன். மாப்பிள்ளையின் உம்மா கிளாஸைக் கீழே வைத்து, அப்ப நான் ருசின்னு சொன்னது மருந்தையா என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு இனிமே அலர்ஜியே வராது, ரெண்டு கிளாஸ் குடிச்சிருக்கேன் என்றார் வீட்டுக்காரர். பிறகு அந்த அம்மா திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, டப்பாவில் இருந்த பேரை அர்ஷியாவை வாசிக்க வைத்து, இதையே பஸ்ஸுல ஏத்தி விடுடா, நம்ம வீட்டுப் பிள்ளை பால நாங்களே குடிச்சிட்டோம் என்றார். நம்ம வீட்டுப் பிள்ளை என்று அவர் சொன்னதைக் கேட்டதும் சஜிதா வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டாள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே டப்பா வந்து ரைஹான் வயிறு நிறையக் குடித்தான்.

நிக்காஹ் தேதி உன் லீவைப் பார்த்துத்தான் வைப்பார்களாம், இன்றைக்கே முதலாளியிடம் பேசு. மாமியைக் கேலி பண்ணாதே, அவளே நொந்துபோய் இருக்கிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. அலர்ஜிப் பவுடரோடு டீக்கு ஒரு சாதா டப்பாவும் மறக்காமல் அனுப்பு, சம்பந்தி வீட்டார் அடுத்த தடவையாவது நல்ல டீ குடிக்கட்டும்.

உன் உம்மா
கமருன்னிசா