ஊசியின் தட்டைப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு தையல் மெஷின் வாங்கினேன். மறுநாள் நேர்முகத் தேர்வுக்கு அறைத்தோழி போடவேண்டிய சட்டையைத் தைக்க உட்கார்ந்தால், தையல் விட்டுவிட்டு விழுந்தது. இரண்டு ஊசிகள் முறிந்தன. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"டாக்டர் பட்டம் வாங்கின அக்கா, அந்தக் கையேட்டையும் கொஞ்சம் படிக்கலாமே!" என்றாள் அவள்.

படித்தேன். ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டுமாம். நம் வீட்டு மெஷினுக்கு நீ சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில் வைத்திருந்தேன். ஆகவே குற்றம் உன்னுடையது! திருப்பி மாட்டியதும் தையல் சீராக ஓடியது, இருவரும் கைதட்டினோம். அவளுக்கு வேலையும் கிடைத்துவிட்டது.

அடுத்து உனக்கொரு ரவிக்கை. அளவுக்கு நீ போட்ட பழையது ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்