இரண்டடி உயரத்து சுவிட்ச்

குட்டிம்மா,

பரீட்சையை விட்டுவிட்டுத் தாத்தா காரியத்துக்கு நீ வராததே சரி. அதற்காக அழாதே.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கூடத்துச் சுவரில் விளக்கு சுவிட்சைத் தடவித் தடவித் தேடினார்கள். அரை அங்குலம் பிசகினாலும் கட்டிய சுவரை இடிக்கச் சொல்லும் காண்ட்ராக்டர் உன் தாத்தா. உன் மூன்று வயதில், "என் பேத்திக்கு எட்டணும், இறக்கி வைப்பா" என்று எலக்ட்ரீஷியனிடம் ஒற்றைக்காலில் நின்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசி ஆறு மாதம் சக்கர நாற்காலியில் இருந்தவருக்கு எட்டிய ஒரே சுவிட்ச் அதுதான். போடும்போதெல்லாம், "பாத்தியாடா, என் பேத்தி எனக்கு வச்சுக் கொடுத்தது" என்பார்.

நேற்று அதே எலக்ட்ரீஷியன், "இப்பவாவது ஏத்திடலாமா சார்?" என்று கேட்டார்.

"வேணாம்பா. எனக்கும் வயசாகுதுல்ல" என்றேன்.

உன் அப்பா