குழந்தை வண்டியை மூடாதே

சிட்ஸல்,

வந்ததும் நீ பெட்ராவின் கண்ணாடிப் பெட்டியைத்தான் பார்ப்பாய். அது காலி. உன் பாம்பைத் தொலைத்துவிட்டேன்.

"வெயில் வந்தா புல்லுல விடுப்பா, கொஞ்சம் ஊர்ந்து திரியட்டும். ஆனா கைக்கெட்டுற தூரத்துலயே இரு, கண்ண எடுக்காத" என்று காலையில் படித்துப் படித்துச் சொன்னாய். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று எரிந்து விழுந்தேன்.

அரைமணி நேரம் பக்கத்திலேயேதான் இருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. பரணில் கிடந்த உன் பழைய குழந்தை வண்டியில் அதைப் படுக்கவைத்து, மேலே கொசுவலையைக் கட்டிவிட்டுக் காபி போட உள்ளே போனேன். டென்மார்க்கில் யார்தான் குழந்தையை அப்படி வண்டியோடு வெளியே தூங்கப் போடுவதில்லை? திரும்பி வந்தபோது வலை மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டு யூட்டாவிடம் சொன்னேன். "பாம்புக்குப் போயி குழந்தை வண்டியா, தோர்பன்?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பூனையை உள்ளே அடைத்தாள்.

கால்வாய்க் கரையில் தேடப் போகிறேன். கறுப்பு ரொட்டியும் மீனும் மேசையில் இருக்கின்றன, சாப்பிடு.

அப்பா

ராத்திரி எட்டு டிகிரிக்கு இறங்குமாம். வண்டிக்குள் வெந்நீர்ப் பை வைத்திருக்கிறேன், சூடு தேடித் திரும்பி வந்தாலும் வரும். ஆறினால் மாற்று. வலையை மட்டும் கட்டிவிடாதே.

இன்னொன்று. உன்னையும் அதே வண்டியில் தினமும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். திரும்பி வரும்போதெல்லாம் நீ இருந்தாய். நான்தான் உன்னை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று இன்று மதியம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.