கிடாவுக்கே போன பாக்கு

அன்புள்ள கணவர் எங்கோஸ் அவர்களுக்கு, தைவானிலிருந்து என்தின் எழுதுவது. நான் சுகம். நம் பெட்டையாட்டுக்குத் தாடை வீங்கிக் கிடக்கும்போது உங்கள் சுகத்தை விசாரிக்க மனம் வரவில்லை.

எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்தாகத்தானே பாக்கு காயவைத்துவிட்டு வந்தேன்? அத்தனையையும் இடித்து உங்கள் சண்டைக் கிடாவுக்கே ஊட்டினீர்களாமே! தங்கை இயா போனில் சொன்னாள். கிடாவுக்குத் தேன், முட்டை, கொம்புக்கு எண்ணெய். குட்டி போட்டு நம் கொட்டகையை நிரப்பியவளுக்கு ஒரு துண்டுப் பாக்கு இல்லை! வயிற்றுப் பூச்சி அவள் ரத்தத்தைக் குடிக்கிறது, அதனால்தான் தாடை வீங்கியிருக்கிறது.

கேட்டதும் நான் போட்ட கூச்சலில், நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பதறி எழுந்து, "யாரும்மா செத்தாங்க?" என்றார்.

"இன்னும் யாரும் சாகல ஐயா. நான் ஊருக்குப் போனாத்தான் தெரியும்."

சிரித்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் பாக்கு கேளுங்கள். இல்லையென்றால் பப்பாளி விதையை அரைத்துக் கொடுங்கள். பனி காய்ந்த பிறகு புல் அறுங்கள். ஈரப்புல்லில்தான் பூச்சி ஏறுகிறது.

பெரியவர் மணியடிக்கிறார், போக வேண்டும். தினமும் கிடாவின் கொம்பைத்தான் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். இனி பெட்டையின் தாடையை அனுப்புங்கள். அவள் தலையைப் பிடித்திருக்கும் உங்கள் முகமும் படத்தில் விழட்டும்.

என்தின்